நுண்கணித வகுப்பில் காத்திருப்பது என்ன?

தமிழ்நாட்டு மேல்நிலை முதலாண்டு மாணவருக்கு நுண்கணிதம் பெரும்பாலும் கணித வகுப்பில் அறிமுகமாவதில்லை. இயற்பியல் வகுப்பில்தான் அறிமுகமாகிறது. பள்ளி திறந்து சில வாரங்களிலேயே இயக்கவியல் பாடம் வந்துவிடும். ஆசிரியர் பலகையில் 'டிஎஸ் பை டிடி' என்று எழுதுவார். "அடுக்கை முன்னால கொண்டு வா, மேல ஒண்ணைக் குறை. இப்போதைக்கு இது போதும், மீதியை மேத்ஸ் சார் சொல்லுவார்" என்பார். மேத்ஸ் சார் அதைச் சொல்ல வரும்போது புத்தகத்தின் இரண்டாம் தொகுதி ஆரம்பித்திருக்கும். ஆண்டில் பாதி போயிருக்கும். அதற்குள் மாணவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்: நுண்கணிதம் என்பது அடுக்கை இறக்கும் வித்தை.

அந்த முடிவை மாற்றிக்கொள்ளப் பலருக்கு +2 முடியும் வரை ஆகிறது. சிலருக்குக் கல்லூரியின் முதல் செமஸ்டர் வரை ஆகிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேல்நிலைப் பள்ளியின் நுண்கணித வகுப்புக்குள் நுழையும் மாணவர் எதை எதிர்பார்த்து வர வேண்டும்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயப்படுகிற அளவுக்குப் புதிய கருத்துகள் அங்கே இல்லை. எதிர்பாராத அளவுக்குப் பழைய இயற்கணிதம் இருக்கிறது. மதிப்பெண்ணுக்குத் தேவையானதும் கல்லூரிக்குத் தேவையானதும் அங்கே ஒன்றாகக் கிடைப்பதில்லை.

பாடத்தின் பரப்பு

மாநிலப் பாடத்திட்டத்தில் +1, +2 கணிதப் புத்தகங்களில் ஆண்டுக்கு 12 இயல்கள், ஆக மொத்தம் 24. அவற்றில் ஏழு இயல்கள் நேரடியாக நுண்கணிதம். +1இல் எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல் முறைகள், தொகை நுண்கணிதம் என மூன்று. +2இல் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகையீடுகளும் பகுதி வகைக்கெழுக்களும், தொகையிடலின் பயன்பாடுகள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள் என நான்கு. இவை போக, நிகழ்தகவுப் பரவல் இயலிலும் தொகையிடல் எட்டிப் பார்க்கும். ஏழும் இரண்டாம் தொகுதிகளில்தான் இருக்கின்றன. அதாவது, அரையாண்டுத் தேர்வு, திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் நெருக்கும் காலத்தில்தான் கனமான பாடம் வருகிறது. சிபிஎஸ்இ 12ஆம் வகுப்பில் எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்ணில் 35 நுண்கணிதத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஏழு இயல்களும் ஒரே சங்கிலி. +1இன் மூன்றும் கைவரவில்லை என்றால் +2இன் நான்கும் வெறும் மனப்பாடமாகிவிடும். பல பள்ளிகள் +1 பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் +2 பாடத்தையே நடத்திய காலம் ஒன்று இருந்தது. 2017-18இல் +1க்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு விலக்கப்பட்டது. மாணவரின் சுமை குறைந்தது உண்மை. பழைய பழக்கம் திரும்பினால் முதல் அடி விழப்போவது நுண்கணிதத்தின் மேல்தான் என்பதும் உண்மை.

கிணற்றில் போட்ட கல்

ஏழு இயல்களுக்கும் அடியில் இருக்கும் கருத்துகள் இரண்டுதான். ஒரு கிணற்றைக் கொண்டு அவற்றைப் பார்த்துவிடலாம்.

160 அடி ஆழமுள்ள வறண்ட கிணறு ஒன்று. கல்லைக் கையிலிருந்து விடுகிறோம். காற்றின் தடையை மறந்துவிட்டால், கல் விழுந்த தூரம் நேரத்தின் வர்க்கத்தை 4.9ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். மூன்று விநாடியில் 44.1 மீட்டர், தரை கிட்டத்தட்ட வந்துவிட்டது. சரியாக மூன்றாவது விநாடியில் அதன் வேகம் என்ன?

வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது என்று ஏழாம் வகுப்பில் படித்தோம். ஆனால் ஒரு கணத்துக்கு நீளம் கிடையாது. பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. ஆகவே பக்கத்தில் போய்ப் பார்க்கிறோம். 3 முதல் 3.1 விநாடி வரை சராசரி வேகம் விநாடிக்கு 29.89 மீட்டர். 3 முதல் 3.01 வரை 29.449. 3 முதல் 3.001 வரை 29.4049. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 29.4ஐ நெருங்குகிறது. எந்த இடைவெளியிலும் சரியாக 29.4 வராது, ஆனால் எவ்வளவு நெருக்கம் கேட்டாலும் அவ்வளவு நெருக்கமாகப் போகலாம். அந்த 29.4தான் எல்லை. அதற்குப் பெயர்தான் வகைக்கெழு. அடுக்கை இறக்கும் விதி இந்த வேலையைச் சுருக்கிக் கொடுக்கும் குறுக்குவழி, அவ்வளவுதான்.

இப்போது திருப்பிக் கேட்போம். வேகம் மட்டும் தெரியும், நேரத்தின் 9.8 மடங்கு. மூன்று விநாடியில் கல் எவ்வளவு தூரம் விழுந்தது? வேகத்தை வரைபடமாகப் போட்டால் பூஜ்ஜியத்திலிருந்து ஏறும் ஒரு நேர்கோடு. அதன் கீழே ஒரு முக்கோணம்: அடிப்பக்கம் 3, உயரம் 29.4. பரப்பு 44.1. அதே தூரம்! கணத்துக்குக் கணம் மாறும் வேகத்தைத் துளித்துளியாகக் கூட்டினால் தூரம் கிடைக்கிறது. இது தொகையிடல். வகையிடலும் தொகையிடலும் ஒன்றையொன்று திருப்பிப் போடும் வேலைகள் என்பதே நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். சாய்வுக்கும் பரப்புக்கும் உறவு இருக்கும் என்று யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாது. இந்த ஓர் ஆச்சரியத்தை ஒரு மாணவர் உணர்ந்துவிட்டால் வகுப்பின் பாதிப் பயன் கிடைத்துவிட்டது.

எல்லை இயல் ஏன் புரிவதில்லை

வகுப்பில் முதலில் வரும் எல்லை இயல்தான் பலரைச் சோர வைக்கிறது. "எங்கேயும் போய்ச் சேராத ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டு இருக்கிறோம்?" என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் தவறில்லை என்கிறது வரலாறு.

வளைந்த உருவங்களின் பரப்பைத் துண்டு துண்டாகக் கணக்கிடுவது ஆர்க்கிமிடீஸ் காலத்திலேயே இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் நம் பக்கத்துக் கேரளத்தில் சங்கமகிராம மாதவர், வட்டத்தின் சுற்றளவையும் சைன் மதிப்புகளையும் முடிவிலாத் தொடர்களாக எழுதும் வழியைக் கண்டார். அந்த மரபின் விளக்கங்களை 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா' என்ற நூலாக, சமஸ்கிருதத்தில் அல்லாமல் மலையாள உரைநடையில் எழுதினார். ஐரோப்பாவில் நியூட்டன் 1660களில் தன் முறையை உருவாக்கினார். லைப்னிட்ஸ் 1684இல் தன்னுடையதை அச்சேற்றினார். இன்று நாம் எழுதும் 'டிஒய் பை டிஎக்ஸ்' குறியும் நீண்ட எஸ் வடிவத் தொகையிடல் குறியும் லைப்னிட்ஸ் தந்தவை. ஆனால் எல்லை என்பதற்குத் துல்லியமான வரையறை வந்தது 19ஆம் நூற்றாண்டில், கோஷி, வயர்ஸ்ட்ராஸ் போன்றோர் கையால்.

ஆக, வரலாற்றில் தொகையிடல் முதலில், வகையிடல் அடுத்து, எல்லை கடைசியில் வந்தன. புத்தகத்தில் எல்லை முதலில், வகையிடல் அடுத்து, தொகையிடல் கடைசியில் வருகின்றன. கட்டடம் எழுந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துப் போட்ட அஸ்திவாரத்தை நாம் முதல் வாரத்திலேயே மாணவர் தலையில் ஏற்றுகிறோம். முறையான பாடத்துக்கு இந்த வரிசை சரிதான். ஆனால் எல்லை இயல் முதல் வாசிப்பில் பிடிபடவில்லை என்றால் 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்ட வேண்டாம். வகையிடலை முடித்துவிட்டுத் திரும்பி வந்து படித்தால், இதற்காகத்தான் அது வந்தது என்று தெரியும்.

வழுக்கும் இடம்

நுண்கணிதத் தாள்களில் விழும் பிழைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். நுண்கணிதப் பிழைகள் அங்கே குறைவு. வகையிடும் வரி சரியாக இருக்கும். அடுத்த வரியில் சுருக்கும்போது குறி மாறியிருக்கும். இரண்டு உறுப்புகளின் கூட்டலை வர்க்கப்படுத்தும்போது நடு உறுப்பு காணாமல் போயிருக்கும். பின்னத்தில் மேலே இருக்கும் கூட்டலில் ஓர் உறுப்பை மட்டும் கீழே இருப்பதோடு அடித்துவிட்டிருப்பார். வர்க்கமூலத்தைப் பின்ன அடுக்காக எழுதத் தடுமாறியிருப்பார். எல்லாம் ஒன்பது, பத்தாம் வகுப்புச் சரக்கு. அங்கே ஒட்டுப்போட்டுத் தப்பித்த கடன் இங்கே வட்டியோடு வருகிறது.

முக்கோணவியலும் அப்படித்தான். தொகையிடல் இயலில் பாதிக் கணக்குகள் சரியான முற்றொருமை நினைவுக்கு வந்தால் இரண்டு வரியில் முடியும். வராவிட்டால் இரண்டு பக்கம் போயும் முடியாது. இன்னொன்று, கோணத்தை ஏன் ரேடியனில் எடுக்கிறோம் என்ற கேள்வி. சைனின் வகைக்கெழு கொசைன் என்பது ரேடியனில் மட்டுமே உண்மை. பாகையில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் பையை 180ஆல் வகுத்த எண் ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஒட்டுண்ணியைத் தவிர்க்கத்தான் ரேடியன். காரணத்தை ஒரே ஒரு நாள் சொல்லிவிட்டால் ரேடியன் மேல் இருக்கும் வெறுப்பு போய்விடும்.

வகையிடலுக்கும் தொகையிடலுக்கும் குணமே வேறு என்பதையும் எதிர்பார்த்து வர வேண்டும். வகையிடல் சமையல் குறிப்பு மாதிரி. பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி ஆகிய மூன்றும் கைவந்தால் எந்தச் சார்பையும் பிரித்துவிடலாம். தொகையிடல் சாவிக்கொத்து மாதிரி. பிரதியிடலா, பகுதித் தொகையிடலா, பகுதிப் பின்னமா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். சில பூட்டுகளுக்குச் சாவியே கிடையாது. புள்ளியியலில் புகழ்பெற்ற மணி வடிவ வளைகோட்டை நாம் அறிந்த சார்புகளால் தொகையிட முடியாது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்ட உண்மை. ஆகவே தொகையிடலில் முதல் முயற்சி தோற்பது திறமைக்குறைவு அல்ல. அது அந்த வேலையின் இயல்பு. முதல் வழியில் விடை வராததும் பேனாவை வைத்துவிட்டுக் கைடைத் திறக்கும் பழக்கம்தான் கெடுதல்.

ஆறை ஏன் விட்டாய்?

பயன்பாட்டுக் கணக்குகளில்தான் மாணவரின் புரிதல் வெளிப்படும். எல்லாப் பாடத்திட்டங்களிலும் வரும் ஒரு கணக்கு: பக்கத்துக்கு 12 அலகு உள்ள சதுரத் தகட்டின் நான்கு மூலையிலும் சம சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்துத் திறந்த பெட்டி செய்ய வேண்டும். கொள்ளளவு அதிகமாக இருக்க எவ்வளவு வெட்டலாம்?

வெட்டும் பக்கம் எக்ஸ் என்றால் கொள்ளளவு, எக்ஸ் × (12 − 2எக்ஸ்)². வகையிட்டுப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தினால் எக்ஸ் 2 அல்லது 6. பெரும்பாலோர் இதுவரை வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மூன்று வகையாகப் பிரிவார்கள். முதல் வகையினர் இரண்டையும் விடை என்று எழுதிக் கோடு போட்டுவிடுவார்கள். இரண்டாம் வகையினர் இரண்டாம் வகைக்கெழுவை எடுத்துக் குறியைப் பார்த்து 2 என்பார்கள். மூன்றாம் வகையினர் ஒரு கணம் தகட்டைக் கற்பனை செய்து, "ஆறு வெட்டினால் தகடே மிஞ்சாது, பெட்டி எங்கிருந்து வரும்?" என்று ஆறைத் தள்ளிவிட்டுக் கொள்ளளவு 128 கன அலகு என்று எழுதுவார்கள். தேர்வில் இரண்டாம் வகையினருக்கும் மூன்றாம் வகையினருக்கும் ஒரே மதிப்பெண்தான். ஆனால் கணக்கைத் தானே அமைக்க வேண்டிய நாள் வரும்போது மூன்றாம் வகையினர்தான் நிற்பார்கள்.

+2இன் கடைசி நுண்கணித இயலான வகைக்கெழுச் சமன்பாடுகளும் இந்த வகைதான். மக்கள்தொகைப் பெருக்கம், கதிரியக்கச் சிதைவு, ஆறிக்கொண்டிருக்கும் பொருளின் வெப்பம் ஆகிய மூன்றும் வேறு வேறு கதைகள். ஆனால் 'மாறும் வீதம், இருக்கும் அளவைப் பொறுத்தது' என்ற ஒரே வாக்கியத்தின் மூன்று வேடங்கள். அந்த வாக்கியத்தைக் கண்டுகொண்டவருக்கு மூன்று சூத்திரங்கள் தேவையில்லை.

தேர்வு கேட்பது

மாநிலப் பொதுத்தேர்வுத் தாள் 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் வினா 20. இரண்டு மதிப்பெண்ணிலும் மூன்று மதிப்பெண்ணிலும் பத்துக்கு ஏழு. ஐந்து மதிப்பெண்ணில் 'அல்லது' வாய்ப்போடு ஏழு. கால்குலேட்டர் கிடையாது. இதில் பழகிய கணக்குகளை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தவருக்கு நல்ல மதிப்பெண் உறுதி. புக் பேக் வினாக்களை முழுதாக முடித்தவர் சென்டம் பக்கம் எட்டிப் பார்க்கலாம். இதைக் குறையாக மட்டும் சொல்ல மாட்டேன். கை பழகாமல் கணிதம் வராது. மாநிலப் பொறியியல் நுழைவுத்தேர்வு 2007 சேர்க்கை முதல் இல்லாமல் போன பிறகு, 200க்கான கட்-ஆஃபில் பாதி கணித மதிப்பெண்தான். கிராமத்து மாணவருக்குத் திறந்த கதவு அது.

ஆனால் தேசிய அளவிலான பொறியியல் நுழைவுத்தேர்வான ஜேஇஇ வேறு உலகம். முதன்மைத் தேர்வில் கணிதத்துக்கு 25 வினா. தவறுக்கு மதிப்பெண் குறையும். படிநிலை மதிப்பெண் இல்லை. பொதுத்தேர்வில் கடைசி வரி தப்பினாலும் ஸ்டெப் மார்க் காப்பாற்றும். அங்கே கடைசி வரி மட்டுமே பார்க்கப்படும். ஒரே பாடத்தை இரண்டு வேறு பழக்கங்களோடு படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே நோட்டில், ஒரே வேகத்தில் செய்யப் பார்ப்பதால்தான் பலர் இரண்டிலும் அரைகுறையாக நிற்கிறார்கள்.

பிற இடங்களில்

இலங்கையில் உயர்தர இணைந்த கணிதத்துக்குத் தலா மூன்று மணி நேரத்தில் இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் பகுதி 'அ'வில் பத்து வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும். பகுதி 'ஆ'வில் ஏழில் ஐந்து. முதல் தாளில் தூய கணிதத்தோடு வகையீடும் தொகையீடும். இரண்டாம் தாளில் பிரயோக கணிதம். இயக்கத்தையும் விசையையும் கணித ஆசிரியரே கற்பிப்பதால், நம் இயற்பியல் வகுப்பில் விழும் அந்த முதல் இடைவெளி அங்கே சிறிது.

அமெரிக்காவில் கல்லூரித் தரப் பாடத்தைப் பள்ளியிலேயே படிக்கும் ஏபி திட்டம் 1950களின் நடுவில் தொடங்கியது. நுண்கணிதத்தில் 'AB', 'BC' என்று இரண்டு நிலைகள். AB ஏறக்குறைய கல்லூரியின் முதல் செமஸ்டர். BC இரண்டு செமஸ்டர், முடிவிலாத் தொடர்களையும் சேர்த்து. மே மாதத் தேர்வு 3 மணி 15 நிமிடம். 45 கொள்குறி வினாக்கள், ஆறு விரிவான வினாக்கள். ஒரு பகுதிக்கு வரைபடக் கால்குலேட்டர் தேவை, மற்றதில் கூடாது. அங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'இங்கே பெருமம்' என்று எழுதினால் மட்டும் போதாது. 'வகைக்கெழு மிகையிலிருந்து குறைக்கு மாறுவதால்' என்று காரணத்தை வாக்கியமாக எழுத வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. நம் தாளில் இப்படி ஒரு வரிக் காரணம் கேட்கும் வினாக்கள் அதிகமானால் வகுப்பறைப் பேச்சே மாறிவிடும்.

ஏபி நுண்கணிதத்தின் மிகப் புகழ்பெற்ற கதை கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு பள்ளியில் நடந்தது. பொலிவியாவில் பிறந்த ஆசிரியர் ஹைமே எஸ்கலான்ட்டேயிடம் படித்த, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 18 மாணவர்கள் 1982இல் அந்தத் தேர்வில் தேறினார்கள். தேர்வு அமைப்பு அவர்களில் 14 பேர் மேல் சந்தேகப்பட்டது. 12 பேர் மறுபடி எழுதினார்கள். அத்தனை பேரும் தேறினார்கள். 1988இல் வந்த திரைப்படம் இந்தக் கதையை உலகமெல்லாம் கொண்டுபோனது. படத்தில் பின்னமே தெரியாத பிள்ளைகள் சட்டென்று நுண்கணிதத்துக்குத் தாவுவது போலத் தெரியும். உண்மையில் எஸ்கலான்ட்டே 1974 முதல் அங்கே பாடம் நடத்தியவர். கீழ் வகுப்புகளில் இயற்கணிதத்தைக் கட்டி எழுப்ப ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். நுண்கணித வகுப்பின் வெற்றி அதற்கு முந்திய வகுப்புகளில்தான் தீர்மானமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கல்லூரி வாசலில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தின் பெயரே 'அணிகளும் நுண்கணிதமும்' என்று இருந்தது. எல்லை, வகையிடல், பகுதி வகைக்கெழு, தொகையிடல் எனப் பார்த்த முகங்கள்தான். ஆனால் பள்ளியில் மாதக்கணக்கில் நடந்தது அங்கே வாரக்கணக்கில் ஓடும். தமிழ்வழி மாணவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல்: வகைக்கெழு 'டெரிவேட்டிவ்' ஆகிவிடும், சார்பு 'ஃபங்ஷன்' ஆகிவிடும். பொருள் தெரிந்திருந்தும் பெயர் தெரியாமல் முதல் மாதம் தலைகுனிந்து உட்கார்ந்தவர்கள் ஏராளம். +1 தொடக்கத்திலிருந்தே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மொழிச் சொற்களையும் எழுதிவந்தால் இது தீரும். தாய்மொழியில் நுண்கணிதம் நிற்குமா என்று கேட்பவருக்கு ஜ்யேஷ்டதேவரின் மலையாளமே பதில்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் மாணவர் எதிர்பார்க்க வேண்டியது தெளிவாகிறது. முதல் மாதம் குழப்பம் இருக்கும், அது இயல்பு. நடு மாதங்களில் நாள்தோறும் கைப்பழக்கம் வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. தொகையிடல் தோல்விகளைத் தரும்; அவற்றோடு பொறுத்திருக்க வேண்டும். மதிப்பெண் வரும், ஆனால் மதிப்பெண் வந்ததாலேயே புரிதல் வந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். எல்லை இயலைத் தொடங்குமுன் ஒரு வாரத்தைக் காரணிப்படுத்தலுக்கும் பின்னங்களுக்கும் அடுக்கு விதிகளுக்கும் கொடுங்கள். பாடம் பின்தங்கிவிடும் என்று பயம் வரும். அந்த ஒரு வாரம் ஆண்டு முழுக்கத் திரும்பக் கிடைக்கும். பெற்றோர்கள் டியூஷன் தேடி ஓடுமுன், பரணில் போட்ட பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டிக் கொடுங்கள். மாணவர்களே, ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: இந்த விடை ஏன் சரி, அந்த விடையை ஏன் விட்டேன். தேர்வில் யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.